தலைக்குமேல் ஒரு பார்சல்

1

"பெரியப்பா, இந்த அண்ணை ஆரைத் தேடிக்கொண்டு போறார்?"

சிவகலா என்னிடம் இதைக் கேட்டபோது அவளுக்கு ஐந்து வயது. பீல் நகரத்தில், புகையிரத நிலையத்திலிருந்து புறப்பட்ட பஸ்ஸில் என் மடியில் இருந்தாள். எதிர் இருக்கையில் சுவிஸ் இராணுவச் சீருடையோடு ஓர் இளைஞன். முழங்கால்களுக்கு நடுவே துவக்கை நிமிர்த்தி வைத்துக்கொண்டு ஆப்பிள் தின்றுகொண்டிருந்தான். பஸ்ஸில் ஒருவரும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. நாங்கள் இரண்டு பேர் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நான் ஜன்னலைக் காட்டி, "அங்க பார், வாத்து" என்றேன். வாத்து ஒன்றும் இருக்கவில்லை.

இந்தக் கதை பிறந்த இடம் அதுதான், வாசகரே. குழந்தைக்குச் சொல்லத் தெரியாத பதிலை எழுதிப் பார்த்தால் தெரியுமோ என்று நினைத்தேன். எழுத உட்காருமுன் முருகன் படத்துக்கு முன்னால் விளக்கேற்றினேன். பிறகு பேனாவைத் திறந்தேன். பிறகு நெடுநேரம் ஒன்றும் எழுதவில்லை.

2

முதல் தொடக்கம்:

1986ஆம் ஆண்டு மாசி மாதத்தில் ஒரு நாள், ஆல்ப்ஸ் மலைச் சிகரங்களில் வெண்பனி—

(விட்டுவிட்டேன். அன்று பீலில் ஒரே பனிப்புகார். என் கதாநாயகன் மலையைப் பார்க்கவே இல்லை. தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தான்.)

இரண்டாம் தொடக்கம்:

துவக்கு என்பது ஒரு நாட்டில் சாவு, இன்னொரு நாட்டில்—

(இதுவும் வேண்டாம். மேடையில் ஏறி நின்று பேசுவதுபோல் இருக்கிறது.)

மூன்றாம் தொடக்கம்:

மேல்மாடிக்காரர் ட்ஷான்ஸ், வாசற்படியில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார்.

இது சரி. யாருக்காவது ஒரு கை உதவி தேவைப்பட்டால்தான் என் கதைகள் எழுந்து நடக்கும். இப்படியே வைத்துக்கொள்கிறேன்.

3

சிவகலாவின் தகப்பன் பெயர் தயாபரன். தாய் புனிதவதி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அகதி மனுப் போட்டுவிட்டு, தலைநகர் பேர்னிலிருந்து வரவேண்டிய பதிலுக்காகக் காத்திருந்தார்கள். மணிக்கூட்டுத் தொழிற்சாலை ஒன்றில் தயாபரனுக்குப் பெட்டி கட்டும் வேலை. மனு விசாரணையில் இருக்கும்போது சின்னப் பிழைகூட விடக்கூடாது என்பது அவர்கள் வீட்டுச் சட்டம். பஸ்ஸில் டிக்கெட்டைக் கையிலேயே பிடித்திருப்பார்கள். அயலுக்குச் சத்தம் கேட்குமென்று இரவில் பைப்பைத் திறப்பதென்றாலும் யோசிப்பார்கள். திருப்பி அனுப்பிவிட்டால் என்ன நடக்கும் என்பதைப் பிள்ளைக்கு முன்னால் கதைப்பதில்லை.

ட்ஷான்ஸ் அவர்களுக்கு மேல்மாடியில் தனியாக வாழ்ந்த கிழவர். இலக்கு வைத்துச் சுடும் சங்கமொன்றில் அங்கத்தவர். தன் பழைய துவக்கைத் திருத்துவதற்காகக் கூர் நகரத்துக் கடை ஒன்றுக்குத் தபாலில் அனுப்பியிருந்தார். திருத்தியாகித் திரும்பி வந்தது. தபாற்காரன் மணியடித்த நேரத்தில், முறிந்த காலோடு அவரால் கதவுக்கு வந்துசேர முடியவில்லை. 'உங்கள் பார்சலைத் தபாற்கந்தோரில் வந்து எடுக்கவும்' என்ற மஞ்சள் துண்டைப் போட்டுவிட்டுப் போய்விட்டான்.

ட்ஷான்ஸ் அந்தத் துண்டின் பின்பக்கத்தில் கையெழுத்து வைத்துத் தயாபரனிடம் கொடுத்தார். "என் பார்சல் ஒன்று. எடுத்துவர முடியுமா?"

துவக்கு என்று சொல்லவில்லை. மறைக்க நினைத்தும் அல்ல. குடையைத் திருத்தக் கொடுத்தவருக்கு அது குடை என்று தனியாகச் சொல்லத் தோன்றுமா, அப்படி.

தயாபரனும் என்ன பார்சல் என்று கேட்கவில்லை. அடுத்த வீட்டுக்காரருடைய பொருளைப் பற்றிக் கேட்பது மரியாதை இல்லை என்று வளர்ந்தவர்.

(இரண்டு மரியாதைகள் சேர்ந்து ஓர் ஆபத்தை உண்டாக்கின. இந்த வசனத்தை அழிக்க நினைத்தேன், மனம் வரவில்லை.)

4

தபாற்கந்தோரில் ஒரு பெண் மஞ்சள் துண்டைப் பார்த்தாள், தயாபரனின் அகதி அட்டையைப் பார்த்தாள், கையெழுத்தைப் பார்த்தாள். நீளமான ஒரு கடதாசிப் பெட்டியைத் தூக்கி வைத்தாள். பாரமாக இருந்தது. திரைச்சீலைக் கம்பி என்று நினைத்தார் தயாபரன்.

வழியில் பனியும் மழையும் கலந்து கொட்டியது. பெட்டியின் ஒரு முனை நனைந்து ஊறி வாய்பிளந்தது. ஒழுங்காக மூடுவோம் என்று குனிந்தபோது, உள்ளேயிருந்து ஒரு கரிய குழாய் அவரைப் பார்த்தது.

அந்தக் கணத்தைப் பெரிதாக எழுத முயன்றேன். 'அவருடைய இதயம்—' என்று தொடங்கி நிறுத்திவிட்டேன். அவர் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "அண்ணை, எனக்கு முதல்ல சிவகலாவின்ர சப்பாத்துத்தான் ஞாபகம் வந்தது. புதுசா வாங்கினது. இனி அதைப் போட்டுக்கொண்டு எங்க போகப்போறாள் எண்டு."

வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. அங்கே பிள்ளை இருக்கிறாள்; ட்ஷான்ஸிடம் கொடுப்பதென்றாலும் அந்தப் படியால்தான் ஏறவேண்டும். தெருவில் வைக்க முடியாது. வேறு பிள்ளைகள் இருக்கிறார்கள். தபாற்கந்தோருக்குத் திரும்பி ஓடினார். அது மதியச் சாப்பாட்டுக்குப் பூட்டியிருந்தது.*

* சுவிஸ் நாட்டில் மதியச் சாப்பாட்டுக்குப் பூட்டிய கதவைப் பூமியதிர்ச்சி வந்தாலும் திறப்பிக்க முடியாது என்பது தயாபரனின் கருத்து. இதைக் கதைக்கு வெளியே வைத்திருக்கிறேன்.

5

இனி நடந்ததை எழுதலாமா என்று புனிதவதியிடம் கேட்டேன்.

"எழுதாதேங்கோ அண்ணை" என்றாள். "பிள்ளை வளந்து வாசிப்பாள். தகப்பன் அப்பிடிப் போனார் எண்டு அவளுக்குத் தெரியவேண்டாம்."

"அதில வெட்கப்பட என்ன இருக்கு, தங்கச்சி?"

அவள் அடுப்பைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள். பிறகு சொன்னாள்: "சரி. ஆனா ஆரும் சிரிக்கிற மாதிரி எழுதக்கூடாது."

வாசகரே, நான் முயல்கிறேன். நீங்களும் முயலுங்கள்.

எங்கள் ஊரில் சுற்றிவளைப்பு நடந்தால், கையில் என்ன இருந்தாலும் அதைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு மெதுவாக நடக்கவேண்டும். அப்போதுதான் ஆமிக்காரனுக்குத் தெரியும், நாங்கள் ஒளிக்கவில்லை என்று. ஓடினால் சுடுவான். தயாபரன் தெரிந்துகொண்ட ஒரே சட்டம் அது. ஆகவே அந்தப் பார்சலை இரண்டு கைகளாலும் தலைக்குமேல் உயர்த்திப் பிடித்துக்கொண்டு, பீல் நகரத்தின் கடைத்தெரு வழியாகப் பொலிஸ் நிலையத்துக்கு நடந்தார். கையுறை இல்லை. பனிநீர் முழங்கை வழியாகச் சட்டைக்குள் ஓடியது.

ஒருவரும் அவரைச் சுடவில்லை. ஒரு பஸ் நின்று வழிவிட்டது. ஒரு மூதாட்டி, "பொன்ஜூர்" என்றாள். இன்னொருத்தி, "க்ரூஎசெக்" என்றாள். பீலில் பிரெஞ்சு, ஜெர்மன் என்று இரண்டு மொழிகள். இரண்டிலும் அவருக்கு வணக்கம் கிடைத்தது. கையைக் கீழே இறக்க முடியாததால், இரண்டு பேருக்கும் தலையை ஆட்டினார்.

6

பொலிஸ் நிலையத்தில் நடந்ததைத் தயாபரன் எனக்கு எங்கள் தமிழில்தான் சொன்னார். அதனால் இந்தக் கதையில் சுவிஸ் பொலிஸ்காரர்கள் யாழ்ப்பாணத் தமிழ் கதைப்பார்கள். அவர்கள் என்னை மன்னிப்பார்களாக.

மேசைக்குப் பின்னால் இரண்டு பேர். மூத்தவர் பெயர் ப்யூர்க்கி. மீசை நரைத்தவர். மற்றவர் இளையவர், சட்டம் படித்த சூடு இன்னும் ஆறவில்லை.

"உந்தப் பெட்டியை என்னத்துக்குத் தூக்கிக்கொண்டு நிக்கிறீர்? பாரமில்லையோ?" என்றார் ப்யூர்க்கி.

"உள்ளுக்குத் துவக்கு இருக்கு, ஐயா. என்ரை இல்லை."

இளையவர் எழும்பிவிட்டார். ப்யூர்க்கி எழும்பவில்லை. "முதல்ல கீழ வையும். மேசை தாங்கும்."

தயாபரன் தபாற்கந்தோரில் நடந்ததைச் சொல்லி முடித்ததும் விவாதம் தொடங்கியது.

"வெளிநாட்டுக்காரர் துவக்கு வாங்கேலாது" என்றார் இளையவர்.

"அவர் எங்க வாங்கினவர்? தபாற்கந்தோர் குடுத்தது."

"வைச்சிருந்தவர்தானே?"

"சுமந்தவர்."

"சுமக்கிறதும் வைச்சிருக்கிறதும் ஒண்டுதான்."

"அப்ப தபாற்காரனையும் பிடிக்கவேணும். கூரிலயிருந்து சுமந்துகொண்டு வந்த ரெயிலையும் பிடிக்கவேணும்."

"கூர் வேற மாகாணம். அவையின்ர சட்டம் வேற."

"அனுப்பேக்க அந்தச் சட்டமோ, எடுக்கேக்க இந்தச் சட்டமோ?"

"எடுக்கிறது எண்டா, துண்டிலை கையெழுத்து வைச்சவரோ, பெட்டியிலை கைவைச்சவரோ?"

இரண்டு பேரும் ஒரு தடித்த புத்தகத்தைத் திறந்தார்கள். பிறகு மூடினார்கள். (அந்தக் காலத்தில் இந்தச் சட்டம் மாகாணத்துக்கு மாகாணம் வேறாக இருந்தது. எது எங்கே சரி என்று நான் விசாரித்தேன். மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னார்கள். எனக்கு விளங்காததை விளங்கியதுபோல் எழுதமாட்டேன்.)

தயாபரன் நின்றுகொண்டேயிருந்தார். இருக்கச் சொன்னபோதும் இருக்கத் துணியவில்லை. பார்சல் மேசையில் கிடந்தது. கைகள் மட்டும் இன்னும் தோளுக்கு மேலேயே நின்றன.

ப்யூர்க்கி அதைக் கவனித்தார். விவாதத்தைப் பாதியில் விட்டுவிட்டு மேசையைச் சுற்றி வந்தார். தயாபரனின் இரண்டு மணிக்கட்டுகளையும் பிடித்தார். 'விலங்குதான்' என்று நினைத்துத் தயாபரன் கண்ணை மூடிக்கொண்டார். ப்யூர்க்கி அந்தக் கைகளை மெல்லக் கீழே இறக்கினார். பனிக்கட்டிபோல் இருந்த விரல்களைப் பார்த்தார். ஆணியில் தொங்கிய தன் தோல் கையுறைகளை எடுத்து, குழந்தைக்குப் போட்டுவிடுவதுபோல் ஒவ்வொரு விரலாகப் போட்டுவிட்டார்.

"பிறகு தாரும்" என்றார்.

7

இந்த இடத்தில் என் நண்பர் சண்முகலிங்கம் கையெழுத்துப் பிரதியைக் கீழே போட்டார்.

"என்ன ஐசே, பொலிஸ்காரன் கிளவுஸ் போட்டுவிடுறான்? அடுத்தது என்ன, விபூதியும் பூசிவிடுவானோ?"

"நடந்தது, சண்முகலிங்கம்."

"நடந்தா எழுதவேணுமோ? கதை எண்டா ஒரு அடி விழவேணும். உம்மட கதைகளிலை எல்லாரும் நல்லவங்கள். வாசிக்கிறவனுக்குப் பல்லுக் கூசும்."

அவர் எனக்கு இரண்டு முடிவுகள் தந்தார். ஒன்றில், தயாபரன் பார்சலைப் பீலுக்குள் ஓடும் ஷூஸ் ஆற்றில் எறிகிறார். பாலத்திலிருந்து யாரோ பார்த்துவிடுகிறார்கள். மற்றதில், அகதி மனு நிராகரிக்கப்படுகிறது. கடைசி வரியில் விமானம். இரண்டும் பலமான முடிவுகள்தான். எழுதியும் பார்த்தேன். விமானத்தில் சிவகலாவுக்கு ஜன்னலோர இருக்கை கொடுத்தேன். பிறகு அந்தத் தாளைக் கிழித்துவிட்டு விளக்கடியில் உட்கார்ந்தேன்.

ப்யூர்க்கியை நானும் சந்தேகித்தேன். அவருக்கு ஒரு கெட்ட குணமாவது வைக்கப் பார்த்தேன். மூக்கை உரத்துச் சிந்துவார் என்று தயாபரன் சொன்னார். அதைத்தான் வைக்க முடிந்தது. கெட்டதை நம்பவைக்க ஒரு வசனம் போதும். நல்லதை நம்பவைக்கக் கெஞ்சவேண்டியிருக்கிறது. அந்த வித்தியாசம் எழுத்தாளனின் குற்றமா, வாசகரின் களைப்பா, தெரியவில்லை.

8

ப்யூர்க்கி, ட்ஷான்ஸுக்குத் தொலைபேசி எடுத்தார். அவர் வாய் திறக்குமுன் மறுமுனையில் கிழவர் கத்தினார். இரண்டடி தள்ளி நின்ற தயாபரனுக்கே கேட்டது.

"பொலிஸோ? நல்ல காலம். என்ர கீழ்வீட்டுக்காரர் வெளியிலை போனவர், இன்னும் வரேல்லை. சறுக்கி விழுந்திட்டாரோ தெரியாது. தேடிப் பாருங்கோ!"

துவக்கைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

ப்யூர்க்கி தொலைபேசியை வைத்தார். இளையவர் தட்டச்சு இயந்திரத்தில் தாளைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"என்னத்தை அடிக்கப்போறீர்?"

"நடந்ததை."

"நடந்தது என்ன? ஒரு மனிசன் கால் முறிஞ்ச அயலவருக்குப் பார்சல் எடுத்துக் குடுக்கிறார். அதுக்கு எந்த மாகாணத்திலை சட்டம் இருக்கு?"

இளையவர் இயந்திரத்தின் உருளையைப் பின்னுக்குத் திருப்பினார். பிறகு தாளை வெளியே எடுத்தார்.

துவக்கைப் ப்யூர்க்கியே தோளில் வைத்துக்கொண்டு தயாபரனோடு நடந்தார். தயாபரன் கையுறைகளோடு பக்கத்தில். ஜன்னலில் நின்ற புனிதவதி இந்த ஊர்வலத்தைக் கண்டாள். அதைப் பற்றி அவள் சொன்னதை ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதுகிறேன்:

"அண்ணை, பொலிஸ் வீட்டிலை வந்து ஆக்களைக் கூட்டிக்கொண்டு போறதைத்தான் நான் பாத்திருக்கிறன். வீட்டிலை கொண்டுவந்து விட்டதை அண்டைக்குத்தான் பாத்தன். உப்பிடியே நிலத்திலை இருந்திட்டன்."

படிக்கட்டின் அடியில் சிவகலா நின்றாள். பாலர் பள்ளியில் படித்த ஜெர்மனில் ப்யூர்க்கியிடம் நேராகவே கேட்டாள்.

"நீங்கள் ஆரைத் தேடுறீங்கள்?"

"ட்ஷான்ஸ் தாத்தாவை."

"மேல இருக்கிறார். சப்பாத்தைத் துடைச்சுப்போட்டு ஏறுங்கோ. அம்மா இப்பத்தான் படி கழுவினவ."

ப்யூர்க்கி சப்பாத்தைத் துடைத்தார். மூக்கையும் உரத்துச் சிந்தினார். பிறகு ஏறினார்.

நான் வாத்தைக் காட்டிய கேள்விக்குப் பதில் அவ்வளவுதான். குழந்தை, துவக்கோடு வந்தவரிடமே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

9

பேர்னிலிருந்து வந்த பதில் என்ன என்று கேட்பீர்கள். அது வர இன்னும் இரண்டு வருடம் எடுத்தது. நல்ல பதில். ஆனால் இந்தக் கதை அதற்காகக் காத்திருக்கவில்லை. தயாபரன் அன்று இரவே நிம்மதியாகத் தூங்கினார் என்று புனிதவதி சொன்னாள். குறட்டையும் விட்டாராம்.

மிச்சம் இருப்பது கையுறைகள்.

'பிறகு தாரும்' என்று சொல்லிக் கொடுத்தவை. கொடுக்கவேண்டும். ஆனால் அந்த வாசலுக்குள் இன்னொரு தரம் போக அவருக்குக் கால் வரவில்லை. புனிதவதி, பெருவிரல் பக்கம் பிரிந்திருந்த தையலைப் பார்த்து, அதே நிறத்தில் நூல் தேடி இறுக்கித் தைத்தாள். கையுறைகள் சுவாமிப் படத்துக்குப் பக்கத்தில் இருந்தன. ஒரு நாள் அங்கே இல்லை. அவள் கேட்கவில்லை. அவர் சொல்லவில்லை. என்னிடமும் சொல்லவில்லை.

ஆகவே இனி வருவதை நான்தான் புனையவேண்டும். வேலைக்குப் போகும் காலைநேரம். பொலிஸ் நிலையத்தின் பக்கச் சுவரோரம் சைக்கிள்கள் நிற்கின்றன. அவற்றில் ஒன்று ப்யூர்க்கியுடையது. பின்னால் குழந்தை இருக்கை பூட்டியது. மூலையில் ஒருவர் வருகிறார், கையில் தோல் கையுறைகளோடு. இரண்டு பக்கமும் பார்க்கிறார். தெருவில் யாரும் இல்லை.

யாரும் இல்லையா? நீங்கள் இருக்கிறீர்கள். நான் இருக்கிறேன். அவர் யாரும் பார்க்காமல் செய்ய விரும்பும் காரியத்தை இரண்டு பேர் நின்று பார்ப்பது நியாயமில்லை. ப்யூர்க்கி அதைக் கண்டு என்ன நினைத்தார் என்பதையும் நான் எழுதப்போவதில்லை. அது உங்களிடமே இருக்கட்டும்.

வாருங்கள், வாசகரே. இந்தப் பக்கம், ஆற்றுப் பக்கமாகத் திரும்பிக்கொள்வோம். அங்கே பாருங்கள், வாத்து. இந்த முறை உண்மையாகவே இருக்கிறது.

பின்னால் பனி மிதிபடும் சத்தம் கேட்கிறது. நிற்கிறது. பிறகு மறுபடியும் கேட்கிறது, போகும்போது கொஞ்சம் வேகமாக.