ஒரு கைக்கு ஆகுற விளையாட்டு

இந்தக் காலத்து ஆட்கள் ஒரு சாமான் வேணும்னா கடைக்குப் போய் வாங்குறதில்லை. வேணும்னு குறிச்சு வைக்கிறாங்க. குறிச்சதை வாங்குறதும் கிடையாது. அப்புறம் அம்புட்டையும் உக்காந்து ஒழுங்குபடுத்துறாங்க. அதுக்கு ஒரு ஞாயித்துக்கிழமை முழுசாப் போகுது. மாதா கோயில் பூசைக்கு வாடான்னா மட்டும் நேரமில்லை.

என் மகன் டோனியைத்தான் சொல்றேன். கோச்சடையில எங்க வீட்டு முன்னறையில, கம்ப்யூட்டருக்கு முன்னால அவனும் அவன் சிநேகிதன் முத்துக்குமரனும் உக்காந்திருந்தாங்க. கம்ப்யூட்டர்ல ஆடுற கேம் எதெது வேணும்னு டோனி பள்ளிக்கூடத்துல இருந்தே குறிச்சு வச்சது தொள்ளாயிரத்துச் சொச்சம் இருக்காம். விஷ்லிஸ்ட்டுன்னு பேரு. அதைக் கழிச்சுக் கட்டத்தான் இன்னிக்குக் கூட்டம்.

போன வருசம் கொட்டாம்பட்டி பக்கம் பைக்கில இருந்து விழுந்ததுல டோனிக்கு வலது கை போச்சு. போச்சுன்னா, கை இருக்கு. தோள்ல இருந்து சும்மா தொங்குது. அறுந்த நரம்பை ஆபரேசன் பண்ணிச் சேத்திருக்கு, உசுரு வந்தாலும் வரும், வராமலும் போகும்னு டாக்டர் சொன்னார். வரும்னு நான் சொல்றேன். டாக்டருக்குப் பாக்க நூறு கை இருக்கு. எனக்கு இது ஒண்ணுதான்.

முத்துக்குமரன் ஒவ்வொண்ணா வாசிச்சான். "மாப்ள, இது விவசாயம் பண்ற கேம். உழலாம், களை எடுக்கலாம்."

"காசு குடுத்துக் களை எடுப்பானா?"ன்னேன். "பேரையூர்ல எங்க அண்ணன் காட்டுக்குப் போனாச் சும்மாவே எடுக்கலாம்."

"அங்க வெயில் அடிக்குமே மாமா."

டோனி சிரிச்சான். அவன் சிரிச்சு நாளாச்சு. நானும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்தேன்.

"இப்படி ஒண்ணொண்ணாப் பாத்தா முடியாதுடா"ன்னான் டோனி. "ஓரத்துல ஃபில்டர் இருக்கு பாரு. கீழ போ. இன்னும் கீழ. அதை டிக் பண்ணு."

முத்துக்குமரன் அவன் மூஞ்சியைப் பாத்தான். பண்ணலை. டோனியே இடது கையால மவுஸை வாங்கி அமுக்கினான். படம் படமா நின்னதெல்லாம் மறைஞ்சு, திரையில நாலஞ்சு வரிசைதான் மிச்சம்.

"என்னத்தடா அமுக்குன?"

"மவுஸ் மட்டும் போதும்கிற கேமை மட்டும் காட்டுன்னேன்."

"அப்படின்னா?"

முத்துக்குமரன்தான் தரையைப் பாத்துக்கிட்டே சொன்னான். "ஒரு கையில ஆடுறது, மாமா."

எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. "மிச்சமெல்லாம் எங்க?"

"மறைஞ்சிருக்குப்பா. டிக்கை எடுத்தா வந்துரும்."

"அப்ப எடு."

"இல்ல. அதையெல்லாம் அழிக்கணும். அதுக்குத்தான் இவனை வரச் சொன்னேன்."

"கை வந்தா என்னடா பண்ணுவ?"

"வந்தா மறுபடி குறிச்சுக்கிறேன்."

"வரும்னு நினைக்கிறவன் எதுக்குடா அழிக்கிறான்?"

டோனி என் பக்கம் திரும்பினான். "தெனம் மெயில் வருதுப்பா. காலையில முழிச்சா, நீங்க ஆசைப்பட்டது விலை குறைஞ்சிருக்கு, நீங்க ஆசைப்பட்டது இன்னிக்கு வந்திருக்குன்னு. ஒவ்வொண்ணும் ரெண்டு கை கேக்குது. என்னால பாக்க முடியலை."

"ஒண்ணையாவது வையி"ன்னேன். "அந்த லாரி ஓட்டுறது, சொல்லிக்கிட்டே இருப்பியே. அது ஒரு ஓரமாக் கிடக்கட்டும்."

"வச்சா உங்களுக்கு நிம்மதி. மெயில் எனக்குல்ல வருது."

முத்துக்குமரன் மெதுவா, "மாப்ள, நெசமாத்தானா?"ன்னு கேட்டான். டோனி டிக்கை எடுத்தான். மறைஞ்சதெல்லாம் திரும்பி வந்துச்சு. அதுக்குள்ள லாரியைத் தேடிப் பிடிச்சு, முதல்ல அதைத்தான் தூக்கினான். அப்புறம் அடுத்தது. இடது கை மவுஸை ஓட்டுன வேகத்தைப் பாத்தேன். நல்லாப் பழகியிருந்துச்சு. அது எனக்குப் பிடிக்கலை.

எந்திரிச்சு வாசலுக்கு வந்து செருப்பை மாட்டினேன்.

"எங்கப்பா போறீங்க?"

"வாரேன்."

உள்ள அமுக்குற சத்தம் நிக்கலை. தோளுக்குள்ள நரம்பு என்ன பண்ணுதுன்னு இவனுக்கு என்ன தெரியும், அந்தப் பெட்டிக்குத்தான் என்ன தெரியும். கை வராதுங்கிறதை நான் நம்பலை. ஆத்துப் பக்கமா நடந்தேன்.