முன் பிரேக்

லோரன்ஸின் பழைய மோட்டார் சைக்கிளில் முன் பிரேக் இருந்தது. அதற்குக் கேபிள்தான் இல்லை. முன்பு வைத்திருந்தவர் கழற்றி எறிந்துவிட்டார். இறக்கத்தில் முன் பிரேக்கைப் பிடித்தால் வண்டி ஆளைத் தூக்கி எறிந்துவிடும் என்று றொசல்லத் தேயிலைத் தோட்டப் பக்கம் எல்லோருமே நம்பினார்கள்.

மனைவி பெற்றீசியா காய்ச்சலில் இறந்த பிறகு மகள் சுகிர்தம் கீழ் லயத்தில், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடொன்றில், லோரன்ஸின் அக்கா மரியநாயகியிடம் வளர்ந்தாள். பள்ளி ஆசிரியரான லோரன்ஸ் மேலே பள்ளிக்கூட வீட்டில் தனியாக இருந்தான். அங்கே பஸ் ஏறாது. பிள்ளையைத் தன்னோடு வைத்துக்கொள்வதென்றால், காலையில் அவளை அக்காவிடம் விட்டு, மாலையில் கூட்டிப் போக வண்டியை விட்டால் வழியில்லை.

"இந்த ஓட்டை வண்டியில புள்ளைய ஏத்தமாட்டேன். சனிக்கிழமை வந்து பாத்துட்டுப் போ, போதும்" என்றாள் அக்கா.

 பெற்றீசியா போன அந்த வருடம் அவன் யாரோடும் அதிகம் பேசவில்லை.

முன் சக்கரத்தைக் கழற்றினான். துருவேறிய ஸ்போக்ஸ் கம்பிகளை வெட்டிப் புதியவற்றைக் கோத்தான். சக்கரம் ஆடாமல் சுற்றும்வரை ஒவ்வொன்றாக முறுக்கினான். பிரேக் கட்டைகளுக்கு லைனிங் என்ற உராய்வுப் பட்டையைப் புதிதாக அடித்து, கேபிள் போட்டான். பிடித்துப் பார்த்தால் சக்கரம் நிற்காமல் வழுக்கியது.

தேயிலைக் கொழுந்து லொறி ஓட்டும் செல்லசாமி எட்டிப் பார்த்தான். "அது புடிக்காம இருக்கிறதே நல்லதுங்க, மாஸ்டர். புடிச்சிச்சின்னா பறந்து வந்து என் லொறிக்குள்ள, கொழுந்தோட கொழுந்தா விழுவீங்க."

லோரன்ஸின் சட்டைப் பையில் வகுப்புக் கரும்பலகையில் எழுதும் வெண்கட்டி இருந்தது. அதை, பிரேக் கட்டைகள் அழுத்தும் சக்கர டிரம்மின் உட்புறம் முழுக்கத் தேய்த்தான். சக்கரத்தைப் பூட்டி, பிரேக்கை லேசாகப் பிடித்துச் சுற்றிவிட்டு மறுபடி கழற்றினான். லைனிங்கின் ஒரு நுனியில் மட்டும் வெள்ளை. மற்ற இடம் டிரம்மைத் தொடவே இல்லை. வெளுத்த இடத்தை அரத்தால் தேய்த்தான். மறுபடி வெண்கட்டி, மறுபடி அரம். கடைசியில் லைனிங் முழுவதும் வெளுத்தது. துடைத்துப் பூட்டிப் பிடித்தான். சக்கரம் அப்படியே நின்றது.

சனிக்கிழமை அக்கா சேலையை இழுத்துச் செருகினாள். "முதல்ல என்னை ஏத்திக் காட்டு. நான் செத்தா அந்தப் பாவம் ஒன் தலையில."

மேலே போய்த் திரும்பி இறங்கினார்கள். அக்கா மாதாவை உரக்கக் கூப்பிட்டபடியே வந்தாள். வளைவு திரும்பியதும் எதிரே, ரோட்டை அடைத்துக்கொண்டு செல்லசாமியின் லொறி.

பின் பிரேக்கை மிதித்தான், போதவில்லை. முன் பிரேக்கை நிதானமாக இறுக்கினான். வண்டியின் மூக்கு தாழ்ந்தது. அக்கா முழுப் பாரத்தோடு அவன் முதுகில் மோதினாள். லொறிக்கு ஒரு கை தூரத்தில் வண்டி நின்றது. யாரும் பறக்கவில்லை.

"லொறிக்குள்ள எடம் வச்சிருந்தேனுங்களே மாஸ்டர்!" என்று செல்லசாமி கத்தினான்.

"எருமை! வளைவுலயாடா லொறிய போடுவ?" என்று அக்கா சீறினாள். செல்லசாமி லொறியை ஓரங்கட்டியதும் தம்பியின் தோளைத் தட்டினாள். "எடு வண்டிய. கொஞ்சம் வெரசாத்தான் போயேன்."

லயத்து வாசலில் இறங்கும்போதே அவள் குரல் கொடுத்தாள்: "சுகிர்தம்! ஒன் கவுனெல்லாம் எடுத்துக்கிட்டு வா. அப்பாவோட வீட்டுக்குப் போற!"

பெற்றோல் டாங்கியின்மேல் உட்கார்ந்த பிள்ளை ஹோர்னைக் கண்டுபிடித்துவிட்டாள். மலை முழுக்க அதை அடித்துக்கொண்டே போனாள். கொழுந்து பறித்தவர்கள் நிமிர்ந்து கையசைத்தார்கள்.

"இன்னும் சத்தமா!" என்றான் லோரன்ஸ்.