கட்டை போட ஓர் ஆள்

சிமெண்ட் மூட்டைகள் ஏற ஏறப் பிக்கப் வண்டியின் பின்பக்கம் தாழ்ந்துகொண்டே வந்தது. வில்லாக வளைந்திருக்க வேண்டிய ஸ்பிரிங் பட்டைகள் பலகைபோல் நிமிர்ந்துவிட்டன. லோடுமேன் முதுகிலிருந்த மூட்டையைச் சரித்துவிட்டு இடுப்பைப் பிடித்தபடி நின்றான்.

"பிள்ளைத்தாச்சி எருமை மாதிரி உக்காந்திருச்சுப்பா. இதுக்கு மேல ஏத்தினா இங்கேயே ஈன்றிரும்."

"கீழ இழுக்குதுல்ல? மேலயும் இழுக்கும். போடு, போடு" என்றார் மேனேஜர்.

கட்டைக்காரன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். அவன் டிரைவராகி ஒரு மாதம் ஆகியும் எல்லோரும் அவனைக் கட்டைக்காரன் என்றுதான் கூப்பிட்டார்கள். அந்த ஒரு மாதமும் அவன் காத்திருந்தது இன்றைக்காகத்தான். மலை உச்சியில் எழும்பிக்கொண்டிருந்த விடுதியைப் பார்க்க முதலாளி வந்திருந்தார். மேனேஜரின் கார் ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது. அவர் இந்த வண்டியில்தான் மேலே போயாக வேண்டும்.

வண்டி பழசு. அடிவாரத்தில் எவ்வளவு பாரம் வைத்தாலும் முனகாமல் போகும். மேகம் தொடும் உயரத்துக்குப் போய்விட்டால் காற்று மெலிந்துவிடும். டீசல் சரியாக எரியாமல் கரும்புகையாக வெளியே வரும். பாதிப் பலம் அதிலேயே போய்விடும். மூச்சிரைக்கும் கிழவனைப்போல் ஏறி, உச்சிக்கு முந்தைய கடைசி வளைவில் நின்றுவிடும். அதனால் அந்த வளைவு தொடங்கும் இடத்தில் ஓர் ஆள் இறங்கி, முக்கோணமாக வெட்டிய மரக்கட்டையோடு பின்னாலேயே நடப்பது வழக்கம். வண்டி நின்றதும் பின்சக்கரத்துக்கு அடியில் கட்டையைப் போட வேண்டும். டிரைவர் மறுபடி ஸ்டார்ட் செய்து ஓர் இழுப்பு இழுப்பார். மறுபடி நிற்கும். மறுபடி கட்டை.

அந்தக் கட்டையைப் போட்டவன் இவன். வண்டியை ஓட்டியவர் இவனுடைய அக்காவின் புருஷன். மாமா கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தாலே இவனுக்குத் தெரிந்துவிடும், எந்தச் சக்கரம், எந்த நொடி என்று.

"சும்மா பின்னாடி நடந்து வர்றதுக்கு ஒரு ஆளு, அதுக்கு ஒரு சம்பளமா?" என்று ஒரு நாள் கேட்டார் மேனேஜர். அதோடு அந்த வேலை இல்லாமல் போயிற்று. அந்த வாரமே கடைசி வளைவில் எஞ்சின் நின்றது. எஞ்சின் நின்றால் பிரேக் மிதியும் கல்லாக இறுகிவிடும். முழு உடம்பையும் கொடுத்து மிதித்தாலும் அந்தப் பாரத்துக்குப் போதாது. வண்டி பின்னால் உருண்டு பாறையில் மோதியது. குதிக்கப்போன மாமாவின் வலது கால் கதவுக்கும் பாறைக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது.

விசாரணை நடந்தது. அடிவாரத்தில், இதே யார்டில். மெக்கானிக் அதே பாரத்தோடு வண்டியை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, "குதிரை மாதிரி இழுக்குது சார்" என்றான். அப்படியானால் டிரைவர் தூங்கியிருக்க வேண்டும் என்றார் மேனேஜர். தூங்கியவனுக்குக் கம்பெனி எதற்கு வைத்தியம் பார்க்க வேண்டும்? இன்னோர் ஆபரேஷன் செய்யாவிட்டால் காலை எடுக்க வேண்டியதுதான் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

காலியாக இருந்த டிரைவர் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டு இவன் வீட்டுக்கு வந்தபோது, அக்கா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"உங்க மாமா உக்காந்த சீட்டுடா அது. சூடு ஆறலையேடா இன்னும். அதுக்குள்ள உனக்குக் கேக்குதா?"

அன்றிலிருந்து அவள் இவனோடு பேசவில்லை. தட்டில் சோற்றை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். எதற்காக அந்தச் சீட்டில் உட்கார்ந்தான் என்று இவனும் அவளிடம் சொல்லவில்லை.

மேனேஜர் இடது பக்கம் வந்து நின்றார். விபத்தில் வண்டியின் சட்டம் முறுக்கிக்கொண்டதிலிருந்து அந்தக் கதவு உள்ளிருந்து திறக்காது. சரி செய்யக் கேட்டபோது, "ஓடுதுல்ல, போதும்" என்று சொன்னவர் அவர்தான். லோடுமேன் வெளியிலிருந்து இழுத்துத் திறந்து, அவரை ஏற்றி, தோளால் இடித்துச் சாத்தினான்.

பாதி மலை வரை மேனேஜர் பேசிக்கொண்டே வந்தார். மகன் படிப்பு, கார் ஒர்க்‌ஷாப்காரன் செய்த மோசம், மேலே அரிசி வேகாமல் சமையல்காரன் படும் பாடு.

"உங்க மாமா எப்படி இருக்கான்?"

"இருக்காருங்க சார்."

"நல்ல டிரைவர்தான். கவனம்தான் பத்தல."

கட்டைக்காரன் கியரை இறக்கினான். காது அடைத்துத் திறந்தது. எஞ்சினின் குரல் கம்மத் தொடங்கியிருந்தது. மிதிக்கிற மிதிக்கும் போகிற வேகத்துக்கும் சம்பந்தமே இல்லை. கண்ணாடியில் பின்னால் வந்த சாலையைப் புகை மறைத்தது. மேனேஜர் பேச்சைக் குறைத்துக்கொண்டு முன்பலகையைப் பிடித்துக்கொண்டார்.

கடைசி வளைவுக்கு முன்பே முதல் கியருக்கு வந்துவிட வேண்டும். மாமா சொல்லிக் கொடுத்தது அது. கட்டைக்காரன் இரண்டாவது கியரிலேயே வளைவுக்குள் போனான். இடது பக்கம் பள்ளம். வலது பக்கம், அவன் கதவை ஒட்டி, மண் மேடு. ஒரு மாதமாக மனத்துக்குள் இந்த இடத்தை ஓட்டிப் பார்த்துவிட்டான். வண்டி நிற்கும். பிரேக்கிலிருந்து காலை எடுக்க வேண்டும். மேட்டுப் பக்கம் குதிக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

வண்டி இரண்டு முறை குலுங்கியது. எஞ்சின் நின்றது.

திடீரென்று எவ்வளவு அமைதி. பிரேக் மிதி காலடியில் கல்லாக இறுகியது. டயர்கள் கூழாங்கற்களை நொறுக்கிக்கொண்டு மெல்லப் பின்னால் நகர்ந்தன.

"கட்டை!" என்று கத்தினார் மேனேஜர். "டேய், கட்டை போடச் சொல்லுடா!"

"யாரைச் சொல்ல சார்?"

மேனேஜர் தன் பக்கக் கதவை இழுத்தார், இடித்தார். அது அசையவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்தவர் உடனே தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"புடிடா, நல்லா புடி! மிதிடா!"

"மிதிச்சுக்கிட்டுதான் சார் இருக்கேன். எங்க மாமாவும் இப்படித்தான் மிதிச்சாரு." அவன் கை கதவின் பிடியில் இருந்தது. "அவரு தூங்கினாரா சார்?"

"இல்லடா."

"பின்ன?"

"எனக்குத் தெரியும்டா. மேல வந்தா இந்த வண்டிக்குப் பாதி உசுருதான்னு தெரியும். லோடைக் குறைச்சா முதலாளி என் கழுத்தைப் புடிப்பாரு. என்னை என்ன பண்ணச் சொல்ற?"

"முதலாளிகிட்ட இதைச் சொல்லுவீங்களா?"

"சொல்றேன். எம் புள்ளைங்க மேல சத்தியமா சொல்றேன். புடிடா சாமி!"

கட்டைக்காரன் கதவைத் திறந்தான். குளிர்ந்த காற்று உள்ளே வந்தது. பிரேக்கை இடது காலுக்கு மாற்றி, வலது காலைப் படியில் வைத்தாயிற்று. இடது காலை எடுக்க வேண்டியதுதான். குதிக்கும் இடத்தைப் பார்க்கத் திரும்பியபோது புகை கலைந்த கண்ணாடியில் ஆட்கள் தெரிந்தார்கள். விடுதி வேலைக்குப் போகும் பெண்கள். லோடோடு ஆளை ஏற்றக் கூடாது என்று மேனேஜர் உத்தரவு போட்டதிலிருந்து அவர்கள் இந்தச் சாலையில் நடந்துதான் ஏறினார்கள். தலையில் சட்டி, கையில் தூக்கு. முன்னால் வந்தவள் எதற்கோ திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவன் வாய்க்குள் ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். காலை உள்ளே இழுத்து, ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தான். வண்டியின் பின்பக்கம் திரும்பி மண் மேட்டில் மோதி நின்றது. மேல் வரிசையிலிருந்து ஒரு மூட்டை விழுந்து உடைந்தது.

மேனேஜர் இன்னும் முன்பலகையை விடவில்லை. கட்டைக்காரன் சீட்டுக்குப் பின்னாலிருந்து பழைய கட்டையை எடுத்து அவர் மடியில் வைத்தான்.

"இறங்குங்க சார். என் பக்கமா வாங்க. இனிமே நீங்கதான் போடணும்."

அவர் கியர் தண்டில் வேட்டி சிக்க, அவன் தொடைமேல் தவழ்ந்து இறங்கினார். கட்டைக்காரன் ஸ்டார்ட் செய்து வேண்டுமென்றே ஒரு முறை அழுத்தி மிதித்தான். புகை அவரை முழுதாக மூடியது. வண்டி ஓர் இழுப்பு ஏறி நின்றது. அவர் ஓடி வந்து குனிந்து கட்டையைத் திணித்தார். மறுபடி ஓர் இழுப்பு. மறுபடி ஓட்டம். பெண்கள் மேட்டோரமாக ஒதுங்கி நின்று பார்த்தார்கள்.

"ஏண்டி, மேனேஜருக்கு வேலை மாத்திட்டாங்களா?"

"மாத்தலடி, மை பூசி அழகு பாக்குறாங்க!"

சிரிப்பு வளைவு முழுதும் கேட்டது. கட்டைக்காரன் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே மேலே ஏறினான். ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அவனுக்குப் பசித்தது.

உச்சியில் முதலாளி நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார்.

"என்னய்யா இது கோலம்?"

மேனேஜர் முகத்தைத் துடைத்தார். கறுப்பு இன்னும் பரவியது. கட்டைக்காரனை ஒரு கணம் பார்த்தார்.

"ஒண்ணுமில்ல சார். வண்டி கொஞ்சம் திணறுச்சு. சரக்கு நேரத்துக்கு வரணுமேன்னு நானே இறங்கிக் கட்டை போட்டேன்."

"பாத்தீங்களா!" முதலாளி பக்கத்திலிருந்தவர்களிடம் திரும்பினார். "இவரை மாதிரி நாலு பேரு இருந்தா நான் ஏன் இங்க வரணும்?"

"சார், எங்க மாமா அன்னைக்கு…" என்று முன்னால் வந்தான் கட்டைக்காரன்.

"பழைய டிரைவரோட மச்சினன் சார்" என்று குறுக்கே புகுந்தார் மேனேஜர். "பாவம்னு நான்தான் வேலை போட்டுக் குடுத்தேன். அந்த வீட்டுக்கு இன்னும் ஏதாவது செய்யணும்னு இருக்கேன்."

"செய்ங்க, செய்ங்க" என்று சொல்லிக்கொண்டே முதலாளி படிக்கட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

மேனேஜர் செய்தார். மறுநாள் காலை கட்டைக்காரன் யார்டுக்கு வந்தபோது வண்டியில் மூட்டை ஏறி முடிந்திருந்தது. நேற்றைவிட ஒரு வரிசை கூடுதல்.

"என்னண்ணே இது?" என்று லோடுமேனைக் கேட்டான்.

லோடுமேன் வண்டிக்குப் பின்னால் கண்ணைக் காட்டினான்.

அக்கா நின்றிருந்தாள். மாமாவின் பழைய முழுக்கைச் சட்டையைப் புடவைமேல் போட்டு, மூக்கையும் வாயையும் துணியால் கட்டியிருந்தாள். கையில் கட்டை.

"நேத்து யாரைச் சொல்லன்னு கேட்டியேப்பா, இந்தா கட்டை போட ஆளு" என்றார் மேனேஜர். முகம் சுத்தமாக இருந்தது. "உங்க அக்காதான் ஆஸ்பத்திரிச் செலவுக்கு வந்து அழுதுச்சு. பொம்பளைக் கூலிதான், ஆனா வேலை நிரந்தரம். இனிமே நீ பாத்து ஓட்டுவ, இல்ல?"

"அக்கா, நீ வீட்டுக்குப் போ."

"போனா?" என்றாள் அவள். ஒரு மாதத்துக்குப் பிறகு அவள் அவனிடம் பேசிய முதல் வார்த்தை அது. மூட்டைகளுக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

கடைசி வளைவு தொடங்கும் இடத்தில் வண்டியின் தகட்டை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு இறங்கினாள். அவன் முன்கூட்டியே முதல் கியருக்கு வந்திருந்தான். எஞ்சின் கமறியது. மிதியை அழுத்தினான், பின்னால் இருமல் கேட்டது. கண்ணாடியில் சட்டைக் கை ஒன்றும் கட்டையும் தெரிந்தன, பிறகு கட்டை மட்டும், பிறகு அதுவும் இல்லை. காலைத் தளர்த்தினால் புகை குறையும். தளர்த்தினால் வண்டி நின்று அவள்மேல் வரும். அவன் இன்னும் அழுத்தினான். கண்ணாடி முழுதும் கறுத்தது.