நூறு மீட்டருக்குள்

ராஜாமணியை முதலில் அடித்தது நான்தான். போலீஸ் எழுதிய எஃப்.ஐ.ஆரில் பதினோரு ஆண்களின் பெயர் இருக்கிறது, என் பெயர் இல்லை. பொம்பளை என்ன அடித்திருக்கப் போகிறாள் என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. துடுப்புக் கட்டையால் தோளில் ஒன்று, முகத்தில் ஒன்று. அந்த இரண்டாவது அடியில்தான் அவருடைய இடது கண் போனது.

என் பெயர் கலைமணி. கிள்ளைக்குக் கிழக்கே கடலோரத்தில் எங்கள் குப்பம். வீட்டுக்காரர் சேரன் ஃபைபர் போட்டில் மீன்பிடித் தொழிலுக்குப் போகிறவர். நான் பி.எஸ்சி. முடித்தவள், எங்கள் தெருவில் முதல் ஆள். அந்தத் திமிர் எனக்கு உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

சிதம்பரத்தில் ஆபீஸ் வைத்திருக்கும் ஓர் ஆராய்ச்சித் திட்டத்தில் இரண்டு வருடமாக எனக்கு வேலை. வங்கக்கடலைச் சுற்றியுள்ள ஐந்து நாடுகள் சேர்ந்து, எந்த நாட்டின் புகை எந்த நாட்டுக்குப் போய் விழுகிறது, அதில் ஈயம் எவ்வளவு, பாதரசம் எவ்வளவு என்று அளக்கிறார்கள். அதற்கான மெஷின் ஒன்று எங்கள் வீட்டு மாடியில் இருந்தது. காற்றை உறிஞ்சி ஒரு வெள்ளைத் தாளில் தூசியைப் பிடித்து வைக்கும். இரண்டு நாளுக்கு ஒருமுறை தாளை மாற்றி, அன்றைய காற்று எப்படி என்று நோட்டில் எழுத வேண்டும். மாதம் ஒருமுறை ஒரு பாரமும் நிரப்ப வேண்டும். நூறு மீட்டருக்குள் தொழிற்சாலை, பட்டறை, உலை ஏதாவது உண்டா என்று அதில் கேட்டிருக்கும். ஒவ்வொரு மாதமும் இல்லை என்று டிக் போட்டேன்.

போன ஐப்பசியில் என் மகள் தீபிகா சுருள ஆரம்பித்தாள். நான்கு வயசு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுவாள், சாப்பிட்டதைக் கக்குவாள். நன்றாகப் பேசிக்கொண்டிருந்த பிள்ளை தண்ணீர் என்ற வார்த்தையை மறந்துவிட்டு, செம்பைக் காட்டி அழுதாள். பூச்சி மருந்து கொடுத்தோம், மந்திரித்தோம், ஒன்றும் கேட்கவில்லை. சிதம்பரத்தில் ஒரு டாக்டர் ரத்தம் எடுத்துச் சென்னைக்கு அனுப்பினார். ஈயம் நாற்பத்தெட்டு என்று வந்தது. ஐந்தே ஜாஸ்தி என்றார் டாக்டர். எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்தாவிட்டால் வலிப்பு வரும், மூளை போகும், உயிரும் போகலாம் என்று ஒளிக்காமல் சொன்னார்.

அதே வாரம் ஆபீஸில் கூட்டம். எங்கள் குப்பத்து ஆட்களையும் கூப்பிட்டிருந்தார்கள். திட்டத்தை நடத்தும் சந்திரலேகா மேடம் சுவரில் ஒரு மேப் காட்டினார். எங்கள் மாடித் தாள்களில் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பல நாள் ஈயம் எட்டு மடங்கு ஏறியிருந்தது. ஏறிய நாள் எல்லாவற்றிலும் வாடைக் காற்று. கம்ப்யூட்டர் அந்தக் காற்றைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டே போய், கடலுக்கு அந்தப் பக்கத்து நாட்டில் கொண்டு நிறுத்தியிருந்தது. இது முதல் கணக்குதான், மற்ற நாடுகளின் தாள்கள் இன்னும் வரவில்லை என்றும் மேடம் சொன்னார். அதை யாரும் காதில் வாங்கவில்லை, நான் உட்பட.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆயிரம் மைல் தள்ளி எவனோ விடுகிற புகை என் பிள்ளையைத் தேடி வந்து பிடித்ததாம். அவனை எந்தக் கோர்ட்டில் நிறுத்துவது, எவன் சட்டையைப் பிடிப்பது? எங்கள் ஊருக்குப் போகிற ரோட்டிலேயே ஈயத்துக்காகப் பழைய பேட்டரி உடைக்கும் கொட்டகை ஒன்று இருக்கிறதே, அது இவர்கள் கண்ணில் படவில்லையா என்று கேட்டுக்கொண்டே பஸ் ஏறினேன். கேட்டுக்கொண்டே இறங்கினேன். பஸ் நிறுத்தத்தில் நின்று என் பிள்ளையின் ரத்தச் சீட்டைத் தூக்கிக் காட்டிக் கத்தினேன். கத்தத் தெரிந்தவள் நான், அன்றைக்கு நன்றாகவே கத்தினேன்.

முப்பது பேர் திரண்டார்கள். கொட்டகையின் தகரக் கதவைக் கடப்பாரையால் நெம்பினார்கள். சேரனின் தம்பி அரசு, ஷீட்டுக் கூரையில் பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தினான். உள்ளேயிருந்து ராஜாமணி ஓடி வந்தார். அங்கே வாட்ச்மேன், ஐம்பது வயசு இருக்கும், லுங்கியும் பனியனும். அவரை மறித்து முதல் அடியை நான் போட்டேன். அவர் விழுந்ததும் எல்லோரும் ஏறிவிட்டார்கள். விலா எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. ஒருவன் அவர் கையை மரக்கட்டை மேல் வைத்துக் கல்லால் குத்தினான். எனக்கு அப்போது நிம்மதியாக இருந்தது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் அப்படித்தான் இருந்தது.

ராஜாமணியைக் கடலூர் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அரசுவையும் மற்ற பத்துப் பேரையும் கடலூர் ஜெயிலுக்குக் கொண்டுபோனார்கள். ஊரில் என்னைப் பெருமையாகப் பார்த்தார்கள். தீபிகாவுக்கு மட்டும் எதுவும் குறையவில்லை. மார்கழியில் ஒருநாள் கை கால் வெட்டி இழுத்து, நுரை தள்ளி, டாக்டர் சொன்ன வலிப்பு வந்தே விட்டது.

அவளைச் சிதம்பரத்தில் சேர்த்துவிட்டு வார்டில் உட்கார்ந்திருந்தபோது சந்திரலேகா மேடம் தேடி வந்தார். கையில் ஒரு லிஸ்ட். மற்ற நாடுகளின் தாள்கள் வந்துவிட்டனவாம். நம் தாளில் ஈயம் ஏறிய அதே நாட்களில் அந்தப் பக்கத்துக் காற்று சுத்தமாக இருந்திருக்கிறது. அங்கே இல்லாத ஈயம் நடுக்கடலில் முளைக்காது என்றார். பேட்டரிக் கொட்டகையைப் பற்றியும் விசாரித்திருந்தார். அதை அதிகாரிகள் ஆவணியிலேயே மூடிக் கரண்டை வெட்டிவிட்டார்களாம். அதற்குப் பிறகு அங்கே ஒரு பேட்டரியும் உடையவில்லை.

"கலைமணி, இந்தத் தேதிகள்ல உங்க வூட்டுக்கிட்ட என்ன நடந்துச்சுன்னு யோசிச்சுச் சொல்லு. கடலத் தாண்டிப் போன கணக்கு தப்பு. பக்கத்துலதான் எங்கயோ இருக்கு."

லிஸ்ட்டை வாங்கி என் நோட்டைப் புரட்டினேன். ஒவ்வொரு தேதிக்கும் எதிரில் என் கையெழுத்தில் ஒரே வரிதான் இருந்தது. வாடைக் காற்று, புயல் கூண்டு, போட் போகவில்லை.

போட் போகாத நாளில் எங்கள் ஆண்கள் சும்மா இருக்க மாட்டார்கள். வலை கட்டுவார்கள். வலை அடியில் தொங்க ஈயக்குண்டு வேண்டும். பழைய ஈயத்தை இரும்புச் சட்டியில் போட்டு வீட்டு அடுப்பிலேயே உருக்கி, அச்சில் ஊற்றுவார்கள். சேரன் உருக்குவது எங்கள் சமையல் கொட்டாயில், மெஷினுக்கு நேர் கீழே. மழை உள்ளே வராமல் படலைச் சாத்தி, விறகை ஊதிக் கொடுப்பது நான். தீபிகா குளிருக்கு என் மடியில் உட்கார்ந்து அடுப்பைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பட்டறை உண்டா, உலை உண்டா என்று பாரம் கேட்டபோது இது என் நினைவுக்கே வரவில்லை. எங்களுக்கு அது வலை வேலை.

அன்று சாயங்காலம் பிள்ளையை என் அம்மாவிடம் விட்டுவிட்டு, மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்குப் போனேன். மறுபடி கூண்டு ஏற்றியிருந்தார்கள். சேரன் அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தார், சட்டியில் ஈயம் உருகித் தளதளத்தது. விஷயத்தைச் சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவேயில்லை. முப்பது வீட்டில் உருக்குகிறோம், எங்கள் அப்பன் காலத்திலும் உருக்கினோம், யார் செத்தது என்றார். குறட்டால் சட்டியைப் பிடித்து இழுத்தேன். என் மயிரைக் கொத்தாகப் பிடித்துச் சுவரில் மோதினார். நான் விடவில்லை. சட்டி சாய்ந்தது, ஈயம் அவர் பாதத்தில் வழிந்து தோலோடு ஒட்டியது. கருகின வாடை கொட்டாய் முழுக்கப் பரவியது. ஓடிப்போய்த் துணியை எடுத்து நானே அதைப் பிய்த்தேன், சதையும் சேர்ந்து வந்தது.

வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு அவர் சொன்னது இதுதான்: "வாய மூடிக்கிட்டு இரு, கலை. என் தம்பி உள்ள இருக்கான். நம்ம வூட்டுப் புகைன்னு தெரிஞ்சா ஊரு நம்மள வுடாது. அந்த நாட்டுக்காரன் தலையிலயே கெடக்கட்டும், அவன் என்னா வந்து கேக்கவா போறான்?"

"பாக்கி வூட்டுப் புள்ளைங்களும் பொகையிலதான் உக்காந்திருக்கு, மாமா. நான் சொல்லத்தான் போறேன்."

அவரை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, கட்டையை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். அடுப்பில் இருந்த ஈயச்சட்டிகளை இழுத்து மணலில் கவிழ்த்தேன். நான்காவது வீட்டில் பிடித்துக்கொண்டார்கள். எங்க ஆம்பளைங்கள உள்ள தள்ளிட்டு இப்ப எங்க அடுப்புக்கு வந்துட்டியா என்று முத்தம்மாள் என் வாயில் குத்தினாள். அவள் மகன் ஜெயிலில் இருக்கிறான். பல் ஒன்று விழுந்தது. ரத்தத்தைத் துப்பிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு பெண்கள் மட்டும் தங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்கள்.

மறுநாள் சந்திரலேகா மேடத்திடம் பாரத்தை மாற்றி எழுதிக் கொடுத்தேன். கிள்ளை ஸ்டேஷனில் என் பெயரையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன். விசாரணைக்குக் கூப்பிடுகிறோம் போ என்றார்கள். அங்கிருந்து கடலூர் பஸ் ஏறினேன்.

ராஜாமணி கட்டிலில் கிடந்தார். கண்ணில் கட்டு, வலது கையில் விரல்கள் இருந்த இடத்திலும் கட்டு. பக்கத்தில் அவர் மனைவி இருசம்மாள். நான் யார், எதற்கு அடித்தேன், ஈயம் எங்கிருந்து வந்தது எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னேன். இருசம்மாள் எழுந்து வந்து கன்னத்தில் அறைந்தாள். சோற்றுத் தூக்கை எடுத்துத் தலையில் அடித்தாள். நர்ஸ் ஓடி வந்து அவளைப் பிடித்துக்கொண்டார்.

ராஜாமணி ஒற்றைக் கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கரண்ட்டே இல்ல தாயி, உள்ள வந்து பாருன்னு உன் காலப் புடிச்சேன். உன் காதுல வுழுந்துச்சா?"

இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, போலீஸிடமும் சொல்லவில்லை.

"வுழுந்துச்சு."

"வுழுந்தப்புறமா மூஞ்சில அடிச்ச?"

"ஆமா."

பிள்ளைக்காக என்று சொல்ல வாயெடுத்தேன். அப்படிச் சொன்னால் அந்த அடியையும் தீபிகா தலையில் கட்டியதாகிவிடும். இருசம்மாள் மறுபடியும் திமிறிக்கொண்டு என் மேல் வந்தாள். அவளை விட்டுவிடுங்கள் சிஸ்டர் என்றேன்.