ஹெரால்டுக்குள் ஜிப்ஸி

ஜாக்சன் இன்னொரு தடவை சாவியைத் திருப்பினார். கர்ரென்று பல்லை நறநறக்கிற மாதிரி ஒரு சத்தம். வாசலில் மாலையோடு நின்றிருந்த கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

“டேய், ஓடிக்கினுதான்டா இருக்கு,” என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவருடைய அக்கா ஃப்ளோரன்ஸ். “நீ மொதல்ல திருப்பினப்பவே ஸ்டார்ட் ஆயிடுச்சு.”

ஜாக்சன் காதைக் கொடுத்துக் கேட்டார். ஆமாம், ஓடிக்கொண்டுதான் இருந்தது. அப்பா காலத்தில் இந்த ஹெரால்ட் கார் கிளம்பினால் மந்தைவெளி மார்க்கெட்டுக்கே தெரியும். இப்போது பூனை மாதிரி இருக்கிறது.

முன்னால் அமரர் ஊர்தி நகர்ந்தது. அதில் ஃப்ளோரன்ஸின் கணவர் வால்டர் மாமா, பக்கத்தில் அவர்களுடைய மகள் டெல்பின். நேற்றுக் காலை காபியைக் குடித்துவிட்டு, “சாயந்திரம் டயருக்குக் காத்துப் புடிக்கணும் ஃப்ளோரா,” என்று சொல்லி நாற்காலியில் சாய்ந்தவர்தான். ஒருவரையும் படுத்தாமல் போய்ச் சேர்ந்துவிட்டார்.

“அந்த வேன்ல நான் ஏறமாட்டேன்,” என்று ஃப்ளோரன்ஸ் காலையிலேயே கறாராகச் சொல்லிவிட்டாள். “கல்யாணத்தன்னிக்கு இந்த வண்டியிலதான் கோவிலுக்குப் போனேன். இன்னிக்கும் இதுலதான்.” டெல்பினுக்குக் கியர் இல்லாத கார்தான் பழக்கம். மிச்சம் இருந்தது ஜாக்சன்.

இந்த வண்டியைக் கையால்கூடத் தொடமாட்டேன் என்று சபதம் போட்டிருந்த ஜாக்சன்!

வண்டி அவர்களுடைய அப்பாவுடையது. ஜாக்சன் மஸ்கட்டில் இருந்த காலத்தில் அப்பா அதை மருமகனுக்குக் கொடுத்துவிட்டார். அதுகூடப் பரவாயில்லை. தேய்ந்துபோன இன்ஜினைக் கழற்றிவிட்டு, வால்டர் மாமா அதற்குள் ஒரு ஜிப்ஸி ஜீப்பின் இன்ஜினை ஏற்றினார் பாருங்கள், அதைத்தான் ஜாக்சனால் தாங்க முடியவில்லை. கிறிஸ்துமஸ் சாப்பாட்டின் நடுவில் எழுந்து நின்றார். “எங்கப்பா நெஞ்சப் புடுங்கிப் போட்டுட்டு, எவனோ ஒருத்தன் நெஞ்ச வெச்சிட்டீங்களே மாமா!”

வால்டர் மாமா நிதானமாக, “கறியயாவது தின்னுட்டுப் போடா,” என்றார்.

ஜாக்சன் தின்னவில்லை. வேளச்சேரிக்குத் திரும்பிப் போனவர், அதற்குப் பிறகு வந்த இரண்டு கிறிஸ்துமஸுக்கும் வரவில்லை. மாமாவிடமிருந்து போன் வரும், எடுக்கமாட்டார்.

மந்தைவெளியில் சிக்னல் விழுந்தது. அக்னி நட்சத்திர வெயில். பழைய வண்டியாக இருந்தால் இந்நேரம் கொதித்து ஆவி கக்கியிருக்கும். ஜாக்சன் இறங்கி, துணியைச் சுற்றி ரேடியேட்டர் மூடியைத் திறந்து, யார் வீட்டிலாவது தண்ணீர் கேட்டுக்கொண்டு நின்றிருப்பார். கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டார். ஃப்ளோரன்ஸ் கண்ணாடியை ஏற்றிவிட்டு, டேஷ்போர்டுக்கு அடியில் இருந்த ஒரு சுவிட்சைத் தட்டினாள். சில்லென்று காற்று அவர் முகத்தில் அடித்தது.

“என்னக்கா இது?”

“ஏசி.”

“ஹெரால்டுலயா?”

“அதுக்குத்தானேடா இன்ஜினையே மாத்தினது,” என்றாள் ஃப்ளோரன்ஸ். “எத்தினி வருஷம்! ஒவ்வொரு கல்யாணத்துக்கும் பவுடர் போட்டுக் கெளம்புவேன், போய் எறங்கறப்போ குளத்துல வுழுந்து எழுந்தவ மாதிரி இருப்பேன். ஒரு நாள் ஆத்திரத்துல, ஏசி இல்லாம இனிமே இந்த வண்டில ஏறமாட்டேன்னு சொல்லிட்டேன். அந்தப் பழைய இன்ஜின் ஏசிய இழுக்காதுன்னுட்டாரு மெக்கானிக் உபைத் பாய். வண்டிய வித்துட்டு வேற வாங்கலாம்னு டெல்பின் சொன்னா. உங்க மாமா, ‘உங்க தாத்தா வண்டிய விக்கறதா?’ன்னு அவள ஒரு மொறை மொறைச்சாரு.”

பின்னாலிருந்து ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். பச்சை விழுந்து எவ்வளவு நேரமாயிற்றோ.

“என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேக்கா.”

“நீ எங்கடா கேட்ட? கத்திட்டு எழுந்து போய்ட்ட.”

சாந்தோம் நெடுஞ்சாலையில் ஜாக்சன் நான்காவது கியரைப் போட்டார். வண்டி கேட்காமலே ஐந்தாவதுக்குத் தயாராக நின்றது. அவரையறியாமல் உதடு விரிந்தது. அடக்கப் பார்த்தார். அமரர் ஊர்திக்கு இவ்வளவு கிட்டத்தில் போகக் கூடாது என்று ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தார்.

“சிரிச்சுக்கோடா,” என்றாள் ஃப்ளோரன்ஸ், முன்னால் பார்த்தபடியே. “அவரும் மொத நாள் ஓட்டறப்போ இப்பிடித்தான் இளிச்சிக்கினு வந்தாரு.” பிறகு, “பழைய இன்ஜின் உபைத் பாய் ஷெட்டுல இருக்கு. உங்க மாமாதான் எண்ணெய் பூசி, தார்ப்பாய் போட்டு மூடி வெச்சிருக்காரு. ஜாக்சன் வந்து கேப்பான், அப்போ இல்லன்னு சொல்லக் கூடாதுன்னுவாரு. இனிமே வண்டி ஒனக்குத்தான். அப்பா இன்ஜினையே திரும்ப மாட்டினாலும் சரி. வெயில் மட்டும் முடியட்டும், அப்புறமா மாத்து.”

“மெட்ராஸ்ல வெயில் எப்பக்கா முடிஞ்சிருக்கு?”

கோவிலில் பூசை முடிந்து, கல்லறைத் தோட்டத்துக்கு வந்து, எல்லோரும் ஒவ்வொரு பிடி மண் போட்டார்கள். ஜாக்சன் போட்ட மண் கையில் ஒட்டிக்கொண்டு விழ மறுத்தது. இரண்டு தடவை உதறினார்.

நிழல் என்று சொல்ல ஒரு மரம்கூட இல்லை. எதிர்வீட்டு விசாலாக்ஷி மாமி புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டே வந்தாள். “எங்காத்துப் பொம்மனாட்டிகள் இந்த மாதிரி எடத்துக்கெல்லாம் வர்றதில்லை. வால்டர் சாருக்காக வந்துட்டேன். மயக்கமா வர்றது ஜாக்சன், அந்தக் கார்ல செத்த உக்காந்துக்கட்டுமா?”

மாமி ஏறியதைப் பார்த்து இன்னும் இரண்டு அத்தைகள் வந்தார்கள். இரண்டே கதவு உள்ள வண்டி. முன் சீட்டை மடக்கி ஒவ்வொருவராகப் பின்னால் தள்ளிவிடுவதற்குள் ஜாக்சனுக்கு மூச்சு வாங்கியது. கடைசியாக ஃப்ளோரன்ஸ் முன்னால் ஏறிக் கண்ணாடியை ஏற்றினாள்.

மெக்கானிக் உபைத் பாய் தொப்பியைச் சரிசெய்தபடி வந்து நின்றார். “வண்டி சும்மா நிக்குது சார். ஆஃப் பண்ணிடவா? பெட்ரோல் போவுது.”

“ஓடட்டும் பாய்.”

வெளியே கண்ணாடியில் மெல்ல வேர்த்தது. உள்ளே ஃப்ளோரன்ஸ் பின்னால் திரும்பி எதையோ கைவீசிச் சொன்னாள். மாமி வாயைப் பொத்திக்கொண்டாள். அத்தைகளின் தோள்கள் குலுங்கின, பிறகு ஃப்ளோரன்ஸின் தோள்களும். சிரிப்பா, அழுகையா என்று வெளியிலிருந்து சொல்ல முடியவில்லை. ஜாக்சன் கோட்டைக் கழற்றித் தலைமேல் பிடித்துக்கொண்டு, வெயிலில் காத்து நின்றார்.