தேநீர்ப் பிளாஸ்க்கில் போன மதுவம்

அருந்ததியின் ஆய்வுப் பட்டம் அன்றைக்கு மூன்று கண்ணாடித் தகடுகளில் இருந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த ஒளிர்சாயம் அவற்றோடு தீர்ந்துபோனது. இன்னொரு போத்தல் வர ஆறு மாதமாகும். அவளுடைய தவணையோ அடுத்த மாதம் முடிகிறது. தொண்ணூற்றெட்டாம் ஆண்டுக் கொழும்பில் எது நேரத்துக்கு வந்தது?

மதுவம் என்னும் ஈஸ்ட்டின் உயிர்க்கலத்தில், கருவுக்குள் உண்டாகும் தூது ஆர்.என்.ஏ. வெளியே வந்தால்தான் கலத்துக்குப் புரதம். நாற்பத்திரண்டு பாகைச் சூட்டில் அந்தத் தூதுகளில் பெரும்பங்கு உள்ளேயே மறிபடும், காப்புப் புரதங்களுக்கானவை மட்டும் வெளியேறும் என்பார்கள். தூதுகளில் ஒட்டி ஒளிரும் சாயத்தால் அதைக் கண்ணால் காட்டவேண்டும். வெந்நீர்த் தொட்டியும் நுணுக்குக்காட்டியும் மருதானை ஆய்வுகூடத்தில். வெள்ளவத்தையில் வளர்த்த மதுவத்தைக் கண்ணாடிக் குடுவையில் கொண்டு குண்டென்று மறிக்கும் ஆமிச் செக்பொயின்ரைத் தாண்ட யாருக்குத் துணிவு? கூடப் படிக்கும் ரபீக்கா தன் தேநீர்ப் பிளாஸ்க்கைக் கொடுத்தாள். அதையும் ஆமிக்காரன் திறந்து மணந்து பார்த்து, கள்ளோ என்று கேட்டு, ஒரு மணித்தியாலம் மறித்து வைத்தான்.

போய்ச் சேர்ந்ததும் ஒரு பங்கைச் சூடு காட்டாமலே மருந்திட்டு நிலைப்படுத்தினாள். இன்னொரு பங்கைத் தொட்டியில் சூடாக்கினாள். மிச்சத்தை ஊற்ற மனமில்லாமல் மேசையில் ஆறவிட்டு, ஒரு மணித்தியாலம் கழித்து அதையும் எடுத்து மருந்திட்டாள்.

மறுநாள் மூன்றையும் தகடுகளில் சாயமேற்றி நுணுக்குக்காட்டியில் பார்த்தாள். சூடாக்கிய கலங்களில் ஒளி கருவுக்குள் மட்டும் முடங்கியிருந்தது. நல்லது. சூடு காணாததிலும் அப்படியே! ஒப்பிட ஒன்றுமில்லையென்றால் பட்டமும் இல்லை. எரிச்சலோடு, மேசையில் ஆறிய மூன்றாவதை நுணுக்குக்காட்டிக்குக் கீழே தள்ளினாள். அதில் கலம் முழுக்க ஒளி பரவிக் கிடந்தது. ஒரே பிளாஸ்க், ஒரே மதுவம்!

பிளாஸ்க்கைத் தருமுன் என்ன செய்தாய் என்று ரபீக்காவைக் கேட்டாள்.

"கொதிதண்ணி ஊத்தி மூடி வெச்சி, நீங்க வந்த பொறகுதான் கொட்டினன். டீக்கு அப்பிடித்தானே செய்ற" என்றாள் ரபீக்கா.

அருந்ததிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. சூடு ஏறிய பிளாஸ்க்குக்குள்ளேயே மதுவம் தன் கதவைச் சாத்தியிருக்கிறது. மேசையில் ஆறியதும் தானாகத் திறந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த உயிருக்கு இவ்வளவு புத்தியை யார் கொடுத்தது?

மேற்பார்வையாளர் ஸ்ரீஸ்கந்தராசா லேசில் எதையும் ஒப்புக்கொள்ளாதவர். நுணுக்குக்காட்டிக் குழாயில் கண்ணை வைத்தவர் நெடுநேரம் எடுக்கவேயில்லை.

"அடைக்கிறதைக் காட்டத்தான் உன்னை விட்டனான், பிள்ளை. நீ திறக்கிறதையும் பிடிச்சிட்டாய். திரும்ப ஒருக்காச் செய்ய வேணும், சாயம் வருமட்டும் உன்ர தவணையை நீட்ட நான் கேட்டுத் தாறன். இண்டைக்கே எழுதத் தொடங்கு."

அருந்ததி அவர் எழுந்த கதிரையில் உட்கார்ந்து அந்த மூன்றாவது தகட்டை மறுபடி பார்த்தாள்.