ஒரே எண் சொன்ன இரண்டு சில்லுகள்

நாமக்கல்லிலிருந்து திருச்செங்கோடு போகும் சாலையில், லாரிக்கு பாடி கட்டும் இரண்டு பட்டறைகளுக்கு நடுவே ஒடுங்கி நிற்கும் மாடிக் கட்டடத்தில் பிரவீனாவுக்கு வேலை. இருபுறமும் தகரம் அறையும் ஓசை ஓயாது. அதன் நடுவே உட்கார்ந்து, ஓசையே எழுப்பாத கோளாறுகளைத் தேடுவது அவள் தொழில்.

அங்கே கோழிப்பண்ணைகளுக்கான கட்டுப்பாட்டுப் பெட்டிகள் தயாராகின்றன. நாற்புறமும் அடைத்த ஷெட்டுக்குள் பல்லாயிரம் முட்டைக்கோழிகள் அடுக்கடுக்காய் நிற்கும். வெளிக்காற்று தானாக உள்ளே நுழைய வழியில்லை. ஒரு முனையில் ஈரத்திரை நனைந்துகொண்டிருக்க, மறுமுனையில் ஆளுயர விசிறிகள் காற்றை இழுத்துத் தள்ள வேண்டும். எத்தனை விசிறி ஓடலாம், எப்போது தண்ணீர் திறக்கலாம் என்று முடிவு செய்வது சுவரில் மாட்டிய அந்தப் பெட்டிதான். சித்திரை வெயிலில் விசிறிகள் நின்றுவிட்டால், பண்ணைக்காரர் சாப்பிட்டுக் கைகழுவி எழுவதற்குள் ஷெட் முழுவதும் மூச்சடைத்துவிடும்.

அந்தப் பெட்டிக்கு ஒரு நோய் இருந்தது. என்றைக்கோ ஒருநாள், முன்குறி எதுவும் காட்டாமல் அது உறைந்துபோகும். திரையில் கடைசியாகத் தெரிந்த வெப்பநிலை அப்படியே நிற்கும். ஓடிய விசிறி ஓடிக்கொண்டே இருக்கும். நின்ற விசிறி நின்றபடியே இருக்கும். உறைந்த பெட்டியைத் தட்டியெழுப்ப உள்ளே ஒரு காவல் கடிகாரம் உண்டு. ஆனால் பெட்டியை இயக்கும் கணினிச் சில்லில் மூளைகள் இரண்டு. ஒன்று விசிறிகளைக் கவனிக்கும். மற்றொன்று காவல் கடிகாரத்துக்கு அவ்வப்போது நலம் சொல்லும். உறைவது முதலாவது மட்டுமே. வீட்டுக்குள் ஒருவன் பேச்சுமூச்சின்றிக் கிடக்க, இன்னொருவன் வாசலில் நின்று எல்லாரும் சௌக்கியம் என்று சொல்லிக்கொண்டிருந்தால் காவல்காரன் எதற்காக உள்ளே வரப்போகிறான்?

எருமப்பட்டிக்கு அருகே பண்ணை வைத்திருக்கும் நாச்சிமுத்து, பிரவீனாவின் பெரியப்பா. திறந்த கொட்டகைகளைப் பிரித்துவிட்டு அவர் மூடிய ஷெட் போட்டது அவள் பேச்சை நம்பித்தான். போன கோடையில் அவருடைய பெட்டியும் உறைந்தது. நல்லவேளையாக அது காலை நேரம். ஈரத்திரை காய்ந்து கிடப்பதைப் பெரியம்மா சௌந்திரம் பார்த்துவிட்டு, மெயின் சுவிட்சை அணைத்துப் போட்டார். பெட்டி விழித்துக்கொண்டது.

“அடுத்த வெயிலுக்குள்ள என்ன ஏதுன்னு பாத்துரு சாமி,” என்றார் நாச்சிமுத்து. “நாம வந்து பாக்கற வரைக்கும் கோழி மூச்சைப் புடிச்சுக்கிட்டு இருக்காது.”

“பாத்தர்றனுங்க பெரியப்பா,” என்றாள் அவள். சொன்ன பிறகு அந்த வார்த்தை அவள் தோளை விட்டு இறங்கவே இல்லை.

அலுவலக மேசையில் பெட்டி ஒருபோதும் உறையவில்லை. ஷெட்டில்தான் உறைந்தது. ஆகவே உறையும் நேரத்தில், உறைந்த இடத்திலேயே அதைப் பிடிக்க வேண்டும். அதற்கு வழி இருந்தது. சில்லுக்குள் எண்கள் தங்கும் சிற்றறைகள் உண்டு, ரெஜிஸ்டர் என்பார்கள். ஒரு மூளை கடைசியாக நிரலின் எந்த வரியில் நின்றது என்பதை அவற்றில் ஓர் அறை காட்டும். அதைப் படிப்பதற்கு முன், பூட்டறை என்ற வேறோர் அறையில் சாவி எண் ஒன்றை எழுத வேண்டும். முதல் மூளை அசைவற்றுப் போனதும் இரண்டாவது மூளை இந்தக் காரியத்தைச் செய்து, கண்டதை எழுதிவைக்க வேண்டும். இதற்கான சிறு நிரலைப் பெட்டியின் கெர்னலுக்குள், அதாவது அதன் அடிப்படை இயக்க நிரலுக்குள், வைப்பார்கள். பிழை தேடுவதால் டிபக் டிரைவர் என்று அதற்குப் பெயர். பிரவீனா அதை அழகாகவே எழுதினாள்.

ஆனால் பெட்டிகளில் இருந்த சில்லு ஒன்றல்ல. பழைய நிறுவனத்தின் சில்லு கிடைக்காமல் போன காலத்தில், முதலாளி சந்திரசேகர் வேறொரு தூரதேசத்து நிறுவனத்தின் சில்லை வாங்கிப் பொருத்தினார். அதே அளவு, அதே கால்கள், அதே வேலை. பழையதற்கு எழுதிய நிரல்கள் எல்லாம் மறுப்பின்றி ஓடின. டிபக் அறைகளை மட்டும் அந்த நிறுவனம் தன் விருப்பப்படி இடம் மாற்றி வைத்திருந்தது.

வயல் எலி ஒன்று இருந்தது. அதன் வளையில் மூன்றாவது வாசலுக்குள் போனால் சோளம். அறுப்புக்குப் பின் வரப்பை வெட்டிவிட்டார்கள். எலி பக்கத்து வரப்புக்குப் போயிற்று. அங்கேயும் அதே போன்றதொரு வளை, அதே வரிசையில் வாசல்கள். எலி நிம்மதியாக மூன்றாவது வாசலுக்குள் நுழைந்தது. அங்கே சாரைப்பாம்பு சுருண்டு படுத்திருந்தது. வாசல்களை எண்ணத் தெரிந்த எலிக்கு, வளையை வெட்டியது யார் என்று கேட்கத் தோன்றவில்லை.

பிரவீனா கேட்டாள். அறைகளின் வரைபடத்தைத் தாருங்கள் என்று அந்த நிறுவனத்துக்குத் திரும்பத் திரும்ப எழுதினாள். பெரும் எண்ணிக்கையில் வாங்குகிறவர்களுக்கு மட்டுமே தருவோம் என்றார்கள்; பிறகு, அந்தச் சில்லைத் தயாரிப்பதையே நிறுத்திவிட்டோம் என்றார்கள்; அதன்பின் பதிலே இல்லை. பண்ணைகளுக்குப் போய்ப் பெட்டி மாட்டிவரும் மோகன்குமார், அவள் மேசையோரம் நின்று தலையை ஆட்டினான்.

“ஏனுங்க அக்கா, பொண்ணை ஊட்டுக்கு அனுப்பீட்டாங்க, சாதகத்தை மட்டும் தரமாட்டேங்கறாங்களே. அதுல என்னத்த மறைக்கறாங்களோ?”

“சாதகம் இல்லாமயே பொருத்தம் பாக்கறேன், இரு,” என்றாள் அவள்.

ஒவ்வொரு அறையாகத் தொட்டுப் பார்த்தாள். சில அறைகள் பதில் சொல்லின; சில, தொட்டதும் பெட்டியையே முடக்கின. பழைய சில்லில் பூட்டறை இருந்த அதே இடத்தில் புதிய சில்லில் இருந்தது பூட்டறை அல்ல. சில்லின் உயிர்த்துடிப்பையே நிறுத்தும் அறை. அங்கே எதை எழுதினாலும் இரண்டு மூளைகளும் ஒருசேர அணைந்தன; காவல் கடிகாரமும் சேர்ந்து அணைந்தது; விசிறிகளுக்கு மின்சாரம் விடும் ரிலே சுவிட்சுகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. மின்சாரத்தைத் துண்டித்துக் கொடுத்தால் தவிர அது எழவில்லை. அந்த இடத்தைத் தொடவே கூடாது என்று குறித்துக்கொண்டு, வேறு வழியாகப் போய்த் தனக்கு வேண்டிய அறையைக் கண்டுபிடித்தாள். அன்றைக்கு மோகன்குமார் வாங்கிவந்த போண்டாவை அலுவலகமே சிரித்துக்கொண்டு தின்றது.

இனி டிரைவருக்குள், எந்த அறை எங்கே என்று காட்டும் அட்டவணைகள் இரண்டு. பழைய சில்லுக்கு ஒன்று, புதியதற்கு ஒன்று. எந்தப் பெட்டியில் எந்தச் சில்லு என்று டிரைவருக்குத் தெரிவது எப்படி? ஒவ்வொரு சில்லும் தன் அடையாள எண்ணை ஓர் அறையில் வைத்திருக்கும், கேட்டால் சொல்லும். புதிய சில்லைக் கேட்டபோது, அது பழைய சில்லின் எண்ணையே சொன்னது. பழைய நிரல்கள் தன்னை மறுக்கக் கூடாது என்பதற்காக அந்த நிறுவனம் செய்துவைத்த உபாயம் அது. அச்சமின்றித் தொடக்கூடிய அறைகள் எல்லாவற்றிலும் இரண்டும் ஒரே பதிலைத்தான் சொல்லின. வேற்றுமை தெரிகிற அறைகளோ, தவறான சில்லில் தொட்டால் பெட்டியை முடக்குகிறவை.

சந்திரசேகர்தான் வழி சொன்னார். புதிய சில்லு வைத்த பெட்டிகளுக்கு வரிசை எண்ணே வேறு; ஒவ்வொரு பெட்டியின் மூடியிலும் அது பொறித்திருக்கிறது. டிரைவரை ஏற்றும்போது மோகன்குமார் மூடியைப் பார்த்து எண்ணைத் தட்டினால், உரிய அட்டவணை தானே அமரும். அவளுக்கும் அது சரியென்றே பட்டது. தொழிற்சாலையில் மூடியும் பெட்டியும் ஒன்றாகவே பிறந்தவை.

முதலில் எங்கே ஏற்றுவது என்பதில் விவாதமே எழவில்லை. பங்குனிக் கடைசியில் மோகன்குமார் எருமப்பட்டிக்குப் போய், நாச்சிமுத்துவின் ஷெட்டில் மூடியைப் பார்த்து எண்ணைத் தட்டி, டிரைவரை ஏற்றிவிட்டு வந்தான். அடுத்தமுறை உறையும்போது காரணம் கையில் இருக்கும் என்று பிரவீனா பெரியப்பாவிடம் தொலைபேசியில் சொன்னாள். உறையட்டும் என்று அவள் ஏறக்குறைய வேண்டிக்கொண்டாள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

சித்திரையில், தார் இளகி ஒட்டுகிற ஒரு மத்தியானத்தில், சௌந்திரம் அழைத்தார். குரலில் அழுகை இல்லை. தண்ணீர் வற்றிய குழாய்போல வறண்டிருந்தது. விசிறி அத்தனையும் நின்றுவிட்டது, அபாயச் சங்கும் ஊதவில்லை, போய்ப் பார்க்கையில் எல்லாம் முடிந்திருந்தது என்று மட்டும் சொன்னார். ஊதவேண்டிய சங்கும் அந்தப் பெட்டியிலிருந்துதான் ஊத வேண்டும்.

பிரவீனாவும் மோகன்குமாரும் போய்ச் சேர்ந்தபோது ஷெட்டின் கதவுகளைத் திறந்து போட்டிருந்தார்கள். உள்ளே சத்தமில்லை. கோழிப்பண்ணைக்குள் கால்வைத்த நாள் முதலாக அவள் கேட்டறியாத அமைதி அது. கூண்டுகளில் கோழிகள் கழுத்தை நீட்டி, ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. வாசலோரக் கூண்டுகளில் மட்டும் சில, வாய் பிளந்து, இறக்கையை உடம்பிலிருந்து விலக்கிப் பிடித்தபடி உயிரோடு இருந்தன. ஆட்கள் செத்தவற்றைச் சாக்கில் அள்ளினார்கள். பின்புறம் குழி தோண்ட பொக்லைன் வந்துகொண்டிருந்தது.

பெட்டியில் உயிர் இல்லை. இரண்டு மூளைகளும் அணைந்திருந்தன. தன் மேசையில் அவள் பலமுறை பார்த்த சாவு அது. ஆகவே திருகுகளைக் கழற்றுமுன் முதலில் எண்ணைப் பார்த்தாள். மூடியில் இருந்தது பழைய சில்லுக்கான எண். மூடியை எடுத்தாள். உள்ளே புதிய நிறுவனத்தின் முத்திரையோடு சில்லு உட்கார்ந்திருந்தது.

“மூடி மாறியிருக்குது,” என்றாள்.

மோகன்குமார் எட்டிப் பார்த்தான். “மாத்துனது நான்தானுங்க அக்கா. ஐப்பசில இடி உழுந்து பழைய பெட்டி போயிருச்சு. புதுசு கொண்டாந்து மாட்டுனேன். பெரியவர் அந்த மூடியே இருக்கட்டும்னாரு. எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவாங்க. நானும் மாத்திக் குடுத்துருவேன். எண்ணைத் தட்டறப்ப அது நெனப்புல இல்லீங்க.”

நாச்சிமுத்து சாக்கைக் கீழே வைத்துவிட்டு வந்தார். ஒவ்வோர் ஆண்டும் ஆயுதபூஜையன்று விசிறி, மோட்டார், பெட்டி என எல்லாவற்றுக்கும் சந்தனம் குழைத்துக் குங்குமம் வைப்பது இந்தப் பக்கத்துப் பண்ணைகளின் வழக்கம். அந்த மூடியில் சென்ற ஆண்டுகளின் பொட்டுகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் காய்ந்து, தடித்துத் தெரிந்தன.

“சாமிக்கு வெச்ச பொட்டை எப்பிடிச் சாமி குப்பைல போடறது?” என்றார் அவர். குற்றம் செய்தவர் குரல் அல்ல அது. விளங்காமல் கேட்கிறவர் குரல். “மூடிதானே? உள்ள ஓடறது உள்ள ஓடுது.”

அவள் அவருக்கு எல்லாவற்றையும் சொன்னாள். வழக்கம்போல முதல் மூளை உறைந்திருக்கிறது. சும்மா விட்டிருந்தால் ஓடுகிற விசிறிகளேனும் ஓடியிருக்கும். அவள் எழுதிய டிரைவர் காரணம் காண எழுந்தது. மூடி சொன்ன எண்ணை நம்பித் தவறான அட்டவணையைப் பிரித்து, பூட்டைத் திறப்பதாக எண்ணி உயிரை நிறுத்தும் அறையில் சாவியை எழுதியது. இதைச் சொல்லும்போது அவள் யார் மேலும் பழி வைக்கவில்லை. வைக்க இடமும் இல்லை.

அவர் பொறுமையாகக் கேட்டார்.

“சரி, மொதல்ல உறைஞ்சுது பாரு, அது எதனால? அது தெரிஞ்சுதா?”

“இல்லீங்க பெரியப்பா. படிக்கறதுக்கு முந்தி நின்னு போச்சு.”

“அப்ப மறுக்கா உறையும்.”

“உறையுமுங்க.”

அவர் தலையசைத்தார். மழை வருமா என்று கேட்டவருக்கு இல்லை என்று பதில் கிடைத்ததைப் போலத்தான் அந்தத் தலையசைப்பு இருந்தது.

மறுநாள் சந்திரசேகரின் அறையில் பேச்சு நெடுநேரம் நடந்தது. எல்லாப் பண்ணைகளுக்கும் ஆள் போய்ப் பெட்டிகளைத் திறந்து, எந்தச் சில்லு என்று கண்ணால் பார்த்துவிட்டால் டிரைவர் பிழையின்றி ஓடும் என்று பிரவீனா வாதாடினாள். பெட்டியைத் திறக்க விசிறிகளை நிறுத்த வேண்டும். இந்த வெயிலில் எந்தப் பண்ணைக்காரரும் அதற்குச் சம்மதிக்க மாட்டார், எருமப்பட்டிச் செய்தி பரவிய பிறகு வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள் என்றார் அவர். மழை இறங்கியதும் திறக்கலாமே என்றாள். மழைக்காலத்தில் பெட்டி உறைந்தால் யாரும் கவனிப்பதுகூட இல்லை, அப்போது இதற்கு யார் ஆள் அனுப்புவது என்றார். அவர் கோபப்படவில்லை. டிரைவரை அடியோடு எடுத்துவிடும்படியும், பெட்டிக்குப் பக்கத்தில் எந்நேரமும் ஓர் ஆளை வைக்குமாறு பண்ணைகளுக்குச் சொல்லும்படியும் உத்தரவிட்டார். இரண்டு அட்டவணைகளில் எதிலும் ஒரு பிழையும் இல்லை. பிரவீனா இரண்டையும் நீக்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் எருமப்பட்டிக்குப் போனாள். குழியை மூடிய மண்மேல் சுண்ணாம்பு வெளுத்துக் கிடந்தது. மிஞ்சிய கோழிகளை ஷெட்டின் ஒரு மூலைக்குச் சேர்த்திருந்தார்கள். நாச்சிமுத்து ஏணிமேல் நின்று, விசிறிகளின் வயர்களைப் பெட்டியிலிருந்து பிடுங்கி, சுவரில் வரிசையாகப் பதித்த சாதாரணச் சுவிட்சுகளில் முடுக்கிக்கொண்டிருந்தார்.

“வா சாமி. அந்த டெஸ்டரை எடு.”

எடுத்துக் கொடுத்தாள். ஏணியைப் பிடித்துக்கொண்டாள். எந்த வயர் எந்த விசிறிக்கு என்று அவர் கேட்கக் கேட்கச் சொன்னாள். வேலை முடிந்ததும் பெரியம்மா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து சுவிட்சுகளுக்குக் கீழே போட்டார். யாராவது ஒருவர் இனி எப்போதும் அதில் உட்கார்ந்திருக்க வேண்டும். நாச்சிமுத்து பம்ப்செட்டுப் பக்கம் போனார். சௌந்திரம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார். பிரவீனா நாற்காலியில் உட்கார்ந்து, சுவரில் தொங்கிய வெப்பமானியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.